மலை யாருக்கு?

ஹாங்காங் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு மனக்கண்ணில் எழுவது ஒரே காட்சிதான். கடலோரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வானளாவ நிற்கும் கட்டடங்கள்; அவற்றின் இடுக்கில் ஓடும் தெருக்கள்; தெரு கொள்ளாத ஜனங்கள். நானும் அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அங்கே போனேன். போய் இறங்கிய முதல் இரண்டு நாட்களும் அது சரியென்றே பட்டது. நான் தங்கியிருந்த நண்பரின் வீடு முப்பத்திரண்டாவது மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தில் ஒருவர் பல் துலக்குவது தெரியும். அவர் வாய் கொப்பளிக்கும் ஓசை கேட்கவில்லையே தவிர, மற்றபடி நாங்கள் ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் போலத்தான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நண்பர் விடியற்காலையிலேயே என்னை எழுப்பிவிட்டார்.

"செருப்பு உதவாது, சார். கெட்டியான பூட்ஸாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊரில் முக்கால் பங்கை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை" என்றார்.

முக்கால் பங்கு என்று அவர் சொன்னது பேச்சுக்காகச் சொன்னதல்ல. ஹாங்காங்கின் மொத்த நிலப்பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். அங்கே வாழ்பவர்கள் சுமார் 75 லட்சம் பேர். அத்தனை பேரும், அவர்களுடைய வீடுகளும் கடைகளும் காரியாலயங்களும் சாலைகளும் அடங்கியிருப்பது அந்த நிலத்தில் ஏறக்குறையக் கால் பங்குக்குள்தான். மிச்சமெல்லாம் மலையும் காடும் புல்சரிவும் நீர்த்தேக்கமும். அந்த மிச்சத்திலும் பெரும்பகுதியை, அதாவது மொத்த நிலத்தில் நூற்றுக்கு 40 பங்கை, நாட்டுப்புறப் பூங்காக்கள் என்று பெயரிட்டுச் சட்டத்தால் வேலி கட்டிக் காத்து வருகிறார்கள்.

எங்களுடன் நண்பரின் மருமகனும் வந்தான். அக்காள் பிள்ளை, இருபத்தாறு வயது, ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கர் உத்தியோகம், அந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நண்பருடைய வீட்டில் இரண்டே அறைகள். மனைவிக்கும் இரண்டு குழந்தைகளுக்குமே அது போதவில்லை. ஆகவே பையன் கௌலூன் பக்கத்தில் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அதிகம் பேசாத பிள்ளை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தான்.

சுரங்க ரயிலில் ஷாவ் கீ வான் வரை போய், அங்கே 9-ஆம் எண் பஸ்ஸைப் பிடித்தோம். பஸ் மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறி, சாலையோரத்தில் எங்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அங்கிருந்து ஒரு மண்பாதை மேலே புறப்பட்டது. மூச்சு வாங்க அரைமணி நேரம் ஏறினோம். திடீரென்று இரண்டு பக்கத்து மரங்களும் விலகிக்கொண்டன. நாங்கள் ஒரு நீண்ட மலைமுகட்டின் மேல் நின்றுகொண்டிருந்தோம்.

அந்த முகட்டுக்கு டிராகனின் முதுகு என்று பெயர். ஏறியும் இறங்கியும் போகும் அதன் முதுகெலும்பின் மேலேயே பாதை ஓடுகிறது. உயரம் அதிகமில்லை, அதன் உச்சியே 284 மீட்டர்தான். ஆனால் இரு பக்கமும் கடல். ஒரு பக்கம் ஷெக் ஓ கிராமமும் மணற்கரையும். அதை ஒட்டிப் பச்சைப் பாயை விரித்தாற்போல் ஒரு கோல்ஃப் மைதானம். மறு பக்கம் தீவுகள், ஒன்றின் பின் ஒன்றாக நீலம் வெளுத்துக்கொண்டே போயின. தலைக்கு மேலே கரும்பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டன. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சுரங்க ரயிலில் மூச்சுமுட்ட நின்றிருந்தோம் என்பதே நம்பமுடியாததாக இருந்தது.

நண்பர் வீட்டுக்காரர் தம் தோட்டத்தைக் காட்டுவதுபோல் கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பையன் முதன்முறையாகத் தானாக வாயைத் திறந்தான்.

"மாமா, இவ்வளவும் சும்மாவா கிடக்கிறது?"

"சும்மா கிடக்கிறதாவது! ஊருக்கே மூச்சு இதுதானடா."

"எனக்கு மூச்சுவிட இடம் இல்லையே, மாமா. ராத்திரி படுத்துக் காலை நீட்டினால் சுவரில் இடிக்கிறது. இங்கே பருந்துக்கு எவ்வளவு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்!"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு பிழையைக் கண்டவன் மேலதிகாரியிடம் மெல்லச் சுட்டிக்காட்டுவதுபோல் சொன்னான். நண்பர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். எனக்கு அதற்குப் பிறகு கடலைப் பார்க்க முடியவில்லை. அவன் காலைப் பார்த்தேன். நெடுங்கால். ஆறடிக்கு மேல் இருப்பான்.

ஒரு நகரத்தில் இரண்டு லட்சம் பேர் காலை நீட்ட இடமில்லாமல் படுத்திருக்கும்போது, அதே நகரம் தன் நிலத்தில் பாதிக்குச் சற்றே குறைந்த பகுதியை மரத்துக்கும் பருந்துக்கும் ஞாயிற்றுக்கிழமை நடையர்களுக்கும் ஒதுக்கி வைப்பது நியாயந்தானா? அந்த வாரம் முழுதும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இதற்குச் சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. இரண்டையும் நண்பர் எனக்குச் சொன்னார்.

முதல் பதில், மலையில் வீடு கட்டுவது கடினம் என்பது. சரிவு செங்குத்து, செலவு அதிகம், மழையில் மண் சரியும். வாஸ்தவந்தான். ஆனால் இது என்ஜினீயரின் பதில். நியாயவானின் பதில் ஆகாது. தேவை என்று தோன்றியபோதெல்லாம் அந்த ஊர் மலையை வெட்டியிருக்கிறது, கடலைத் தூர்த்திருக்கிறது. 1998-ல் திறந்த அதன் விமான நிலையமே ஒரு தீவைத் தரைமட்டமாக்கி, சுற்றியுள்ள கடலை நிரப்பி அமைத்ததுதான். விமானம் இறங்க மலையைத் தட்டையாக்கத் தெரிந்தவர்களுக்கு, மனிதன் படுக்க மட்டும் முடியாது என்றால் பையன் நம்பமாட்டான். நானும் நம்பவில்லை.

இரண்டாவது பதில், மனிதனுக்குச் சோறும் கூரையும் மட்டும் போதாது, அழகும் வேண்டும் என்பது. இதுவும் வாஸ்தவம். ஆனால் இதைச் சொல்பவர் யார் என்று பார்க்கவேண்டியிருக்கிறது. பெரும்பாலும் கூரை உள்ளவர்தான் சொல்கிறார். பசித்தவனிடம் உபவாசத்தின் மகிமையைப் பேசுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அந்த முகட்டில் நின்று நான் பரவசப்பட்டபோது என் பரவசத்துக்கு யார் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. பையன் கேட்ட பிறகுதான் நினைத்தேன்.

ஆகவே இரண்டு பதில்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மலைகள் எப்படிப் பிழைத்தன என்ற கதையை விசாரித்தேன். கதையில்தான் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது.

அந்த மலைகள் எப்போதும் பச்சையாக இருந்தவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வந்தபோது பெரும்பாலும் மொட்டையாகவே நின்றன. பிறகு நட்டு வளர்த்த மரங்களில் மிகப் பல, 1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்ட் வரை ஜப்பானியர் கையில் ஊர் இருந்தபோது விறகாகிவிட்டன. போர் முடிந்ததும் மறுபடியும் நட்டார்கள். அதற்கு முக்கியமான காரணம் தண்ணீர். பெரிய ஆறு எதுவும் இல்லாத ஊர் அது. பெய்கிற மழையை மலைதான் வாங்கி, வாய்க்கால்கள் வழியே நீர்த்தேக்கத்துக்கு அனுப்பவேண்டும். மலை மொட்டையாக இருந்தால் தண்ணீரோடு மண்ணும் வந்து தேக்கத்தைத் தூர்த்துவிடும். 1963-ல் மழை பொய்த்தபோது, நாலு நாளைக்கு ஒரு தடவை, நாலு மணி நேரம் மட்டுமே குழாயில் தண்ணீர் விட்டார்கள். ஏழையும் பணக்காரனும் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்ற காலம் அது. 1965 முதல் சீனாவின் டோங்ஜியாங் ஆற்றுத் தண்ணீர் அந்த ஊருக்கு வருகிறது. இன்று பெரும்பங்கு அதுதான். ஆனால் மலையைக் காக்கும் வழக்கம் தண்ணீர்ப் பஞ்சத்தில்தான் வேரூன்றியது.

அதே காலத்தில் அந்த மலைச்சரிவுகளில் வேறொரு வாழ்க்கையும் நடந்தது. போருக்குப் பின் சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்து குவிந்தார்கள். தகரத்தையும் பலகையையும் வைத்துச் சரிவுகளில் குடிசை போட்டுக்கொண்டார்கள். 1953 டிசம்பர் 25 இரவு ஷெக் கிப் மெய் என்ற இடத்துக் குடிசைகளில் தீப்பிடித்தது. ஒரே இரவில் 50,000-க்கு மேற்பட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அந்தச் சாம்பலின் மேல்தான் அரசாங்கம் ஏழைகளுக்குக் குடியிருப்புகள் கட்டத் தொடங்கிற்று. 1972 ஜூன் 18-ஆம் தேதி பெருமழையில் இரண்டு இடங்களில் மலைச்சரிவு இடிந்து விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் மாண்டார்கள். மலை ஏழைக்கு வீடாக இருந்த காலத்தின் கணக்கு இது.

அப்போது கவர்னராக இருந்தவர் மர்ரே மக்லஹோஸ். அவர் 1971-ல் பதவிக்கு வந்து 1982 வரை இருந்தவர். மலை நடையில் மிகவும் பிரியமுள்ளவர். 1972-ல் அவர் ஒரு திட்டத்தை அறிவித்தார். பத்து ஆண்டுகளில் 18 லட்சம் பேருக்கு வீடு கொடுப்பது என்பது அது. நாலு ஆண்டுகள் கழித்து, 1976-ல், அவருடைய ஆட்சியிலேயே நாட்டுப்புறப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1977-ல் முதல் மூன்று பூங்காக்கள் அமைந்தன. 1979-க்குள் 21 ஆயின. அதே 1979-ல் கிழக்கிலிருந்து மேற்கே 100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதையைத் திறந்து, அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டபோது என் மனத்தில் இருந்த கேள்வி சற்றே உருமாறியது. வீடா, மலையா என்று அந்த மனிதர் கேட்டுக்கொள்ளவில்லை. குடிசையில் வெந்துபோகிறவனுக்கு வீடும் வேண்டும். அந்த வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வெளியே வர ஒரு மலையும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பூங்காக் கணக்கு மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வீட்டுக் கணக்கு பத்து ஆண்டுகளில் முடியவில்லை. 1987 வரை இழுத்துக்கொண்டு போயிற்று. மலையைக் காப்பாற்ற ஒரு சட்டம் போதும். மனிதனைக் குடியமர்த்தப் பணமும் உழைப்பும், எல்லாவற்றுக்கும் மேலாக விடாப்பிடியான மனமும் வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனே என்னைத் தேடி வந்தான்.

"இன்றைக்கு நான் ஒரு மலைக்கு அழைத்துப் போகிறேன், சார். ஆனால் முதலில் என் அறையைப் பார்த்துவிட்டு வரவேண்டும்" என்றான்.

ஷாம் ஷுயி போ என்ற பழைய பேட்டையில் இருந்தது அவன் அறை. லிஃப்ட் இல்லாத கட்டடம். ஐந்து மாடி ஏறினோம். ஒரு குடும்பம் இருக்கவேண்டிய வீட்டைத் தடுப்புப் பலகைகளால் ஐந்தாகக் கூறுபோட்டு, ஐந்துக்கும் தனித்தனிப் பூட்டு போட்டிருந்தார்கள். அவனுடைய கூறில் ஒரு கட்டில். கட்டிலுக்கு மேலே சட்டியும் துணியும் வைக்க ஒரு பலகை. கட்டிலின் கால்மாட்டிலேயே அடுப்பு. அடுப்பை ஒட்டிக் கழிப்பறை. ஜன்னல் இல்லை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இப்படிக் கூறுபோட்ட வீடுகளில் இருந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்களில் நடுத்தரமான ஒருவருக்குக் கிடைத்த இடம் 6 சதுர மீட்டர், நம் கணக்கில் 65 சதுர அடி. நம் வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொண்டேன்.

"உட்காருங்கள், சார்" என்றான். உட்கார்ந்தால் அவன் நிற்கவேண்டும். இரண்டு பேருமே நின்றுகொண்டிருந்துவிட்டு இறங்கினோம்.

அவன் அழைத்துப் போனது சிங்கப்பாறை என்ற மலைக்கு. கௌலூன் முழுவதற்கும் தலைமாட்டில், படுத்திருக்கும் சிங்கத்தைப்போல் அது தெரியும். உயரம் 495 மீட்டர். ஏற்றம் கடுமையானது; கல் படிகள் தொடையைச் சோதித்துவிட்டன. வழியெல்லாம் கிழவர்களும் கிழவிகளும் கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு, என்னைச் சுளுவாகத் தாண்டிப் போனார்கள். சிலர் மரக்கிளையில் சிறு வானொலிப் பெட்டியைத் தொங்கவிட்டு உடற்பயிற்சி செய்தார்கள். ஒவ்வோர் அரைக் கிலோமீட்டருக்கும் எண் பொறித்த ஒரு கம்பம் நட்டிருந்தது. வழி தவறியவனோ கால் பிசகியவனோ அந்த எண்ணைச் சொன்னால் உதவிக்கு வருவார்களாம். குப்பைத்தொட்டி மட்டும் எங்கும் கிடையாது. மலைப்பாதைகளில் இருந்த தொட்டிகளையெல்லாம் 2017 முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். கொண்டுவந்தவன் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பது ஏற்பாடு. பையன் நான் தின்ற ஆரஞ்சுப் பழத்தின் தோலை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

பாதி வழியில் நிழலான ஓரிடத்தில் நாலைந்து பெண்கள் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிலிப்பைன்ஸிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவர்கள். அந்த ஊரில் இப்படி வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் மூன்று லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். எஜமானர் வீட்டிலேயே தங்கவேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஒருத்தி எங்களுக்கும் ஆளுக்கு ஒரு பிஸ்கோத்துக் கொடுத்தாள். "நகரத்துப் பூங்காக்கள் பக்கத்திலேயே இருக்கின்றனவே, இவ்வளவு தூரம் ஏறுவானேன்?" என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை.

"கீழே எங்கே உட்கார்ந்தாலும் யாராவது வந்து, கொஞ்சம் நகர்ந்து உட்காரும்மா என்பார்கள். இங்கே நகரச் சொல்ல யாரும் இல்லை."

ஆறு நாட்கள் பிறர் வீட்டில், பிறர் குழந்தையின் அழுகைக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு தூங்குகிறவள் அவள். அவளுக்கு அந்த ஊரில் சொந்தமாக ஒரு கதவு கிடையாது. பையனுக்காவது பூட்டிக்கொள்ள ஒரு பலகைக் கதவு இருக்கிறது. அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் இந்த மரநிழல் ஒன்றுதான், யாரையும் கேட்காமல் காலை நீட்டக்கூடிய இடம். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நன்றாக நீட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். பையன் அதைக் கவனித்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணின் பதிலைக் கேட்ட பிறகு, மலையை "சும்மா கிடக்கும் நிலம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பெருநகரத்தில் உட்காருவதற்குக்கூட விலை உண்டு. காப்பி வாங்கினால் நாற்காலி; டிக்கெட் வாங்கினால் பெஞ்சு; வாடகை கொடுத்தால் கட்டில். மலையில் மட்டும் யாரும் யாருடைய விருந்தாளியும் அல்ல. அதில் வீடு கட்டினால் சில ஆயிரம் பேர் குடியேறுவார்கள். அவர்களுக்கு அது பெரிய நன்மைதான், மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணைப் போன்ற மூன்று லட்சம் பேரை அந்த நிழலிலிருந்து நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டுத்தான் அதைச் செய்யவேண்டும்.

அப்படியானால் பையனுக்கு இடம் எங்கே? இந்தக் கேள்வியை அந்த ஊரே கேட்டுப் பார்த்திருக்கிறது. 2017-ல் இரண்டு பூங்காக்களின் விளிம்பில் வீடு கட்டலாமா என்று ஆராயச் சொன்னது அரசாங்கம். 2018-ல் நிலத்துக்கு என்ன வழி என்று ஊர் முழுவதும் விவாதம் நடந்தது. ஆண்டு முடிவில் வந்த அறிக்கை, முதலில் கைவைக்க வேண்டியவை என்று சொன்ன வழிகளில் பூங்கா விளிம்பைச் சேர்க்கவில்லை. அதில் சேர்ந்த ஒன்று எனக்கு மிகவும் பொருள் உள்ளதாகப் பட்டது. வடக்கே ஃபான்லிங்கில் 172 ஹெக்டேர் பரப்பில் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. அதில் 32 ஹெக்டேரை எடுத்து வீடு கட்டலாம் என்று அறிக்கை சொல்லிற்று. 2023 செப்டம்பரில் அரசாங்கம் அந்த 32 ஹெக்டேரை எடுத்தும் கொண்டது. அதில் வீடு கட்டும் விஷயம் நீதிமன்றம் வரை போயிற்று. அந்த மைதானத்திலும் பழைய மரங்கள் உண்டு, பறவைகள் உண்டு என்று அதற்காக வாதாடியவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பிலிப்பைன்ஸ் பெண் ஞாயிற்றுக்கிழமை விரிப்பைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அங்கே போய்க் காலை நீட்ட முடியுமா?

என் மனத்துக்கு உரைகல்லாகப் பட்டது இதுதான். ஒரு நிலத்தை வெறுமையாக விட்டுவைப்பது நியாயமா என்பது, அங்கே மரம் எத்தனை, பறவை எத்தனை என்பதை மட்டும் பொறுத்ததல்ல. அங்கே போக எல்லோருக்கும் பாதை உண்டா என்பதையும் பொறுத்தது. பஸ் கட்டணத்தோடு மலைமேல் ஏறமுடிகிற வரையில், அந்த மலையில் ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் பங்கு இருக்கிறது. பாதையை அடைத்துவிட்டு அழகை மட்டும் காத்தால், அது சிலருடைய ஜன்னலுக்குப் பின்னால் தொங்கும் படம்.

இப்படிச் சொல்கிறபோது மலையை நேசிக்கும் என்னைப் போன்றவர்களுடைய மனத்தையும் கொஞ்சம் திறந்து பார்க்கவேண்டியிருக்கிறது. என் நண்பர் நல்லவர். ஆனால் அவரிடம் ஒரு குறையைக் கண்டேன். 2020-ல் பெருநோய்க் காலத்தில் கடற்கரைகளையும் விளையாட்டு நிலையங்களையும் மூடியபோது, ஜனங்கள் வேறு போக்கிடம் இல்லாமல் மலைக்கு வந்து குவிந்தார்களாம். "முன்பெல்லாம் எவ்வளவு அமைதியாக இருக்கும் தெரியுமா, சார்? கண்டவர்களும் வந்து கெடுத்துவிட்டார்கள்" என்று அங்கலாய்த்தார். குப்பை போட்டார்கள் என்று வருந்தியிருந்தால் எனக்குச் சம்மதம். வந்ததே தப்பு என்பதுபோல் அல்லவா பேசினார்? மனிதரின் நெருக்கத்துக்கு அஞ்சி மலைக்குப் போகிறவன், நாளடைவில் மனிதரையே வெறுக்கத் தொடங்கிவிடுவது எளிது. தனிமை நல்லதுதான், ஆனால் பிறரை வெளியே நிறுத்திப் பெறுகிற தனிமைக்கும் கோல்ஃப் மைதானத்து வேலிக்கும் என்ன பேதம்? எனக்கும் அந்த ஆசை உண்டு. டிராகனின் முதுகில் நின்றபோது, இந்த இடத்தில் நான் மட்டும் இருந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தவன்தான் நானும். ஆகவே நண்பரை மட்டும் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். பாறையின் விளிம்பில் நின்று பார்த்தால் கௌலூன் முழுவதும் காலடியில் கிடந்தது. வெண்மையும் சாம்பலும் கலந்த கட்டடங்கள், நெல் நாற்று நெருக்கி நட்டாற்போல், கடல் வரைக்கும். பையன் வலப்புறம் கையை நீட்டினான்.

"அதோ, அந்தப் பச்சை அடித்த கட்டடத்துக்குப் பின்னால்தான் என் அறை. இங்கிருந்து தெரியாது. அதற்குக் கொஞ்சம் தள்ளித்தான் ஷெக் கிப் மெய்."

1953-ல் தீப்பிடித்த இடம். இப்போது அங்கே குடிசை இல்லை, அடுக்குமாடி வீடுகள். இவ்வளவு செய்ய முடிந்த ஊர் மிச்சத்தையும் செய்யலாமே என்று எனக்குத் தோன்றிற்று. அவனுக்கும் அதேதான் தோன்றியிருக்கவேண்டும். சற்று நேரம் கழித்துச் சொன்னான்.

"போன வாரம் மாமாவிடம் அப்படிக் கேட்டது தப்பு என்று நினைக்காதீர்கள், சார். மலையை வெட்டவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. மாதம் இரண்டு தடவை நான் இங்கே வருகிறேன். வராவிட்டால் எனக்கு அந்த அறையில் தூக்கம் பிடிக்காது. ஆனால் மலையைக் காட்டி என் வாயை அடைக்கக்கூடாது, அவ்வளவுதான். 'உனக்குத்தான் மலை இருக்கிறதே' என்று சொல்லிவிட்டால், என் அறையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?"

நான் அந்த வாரம் முழுதும் தேடிக்கொண்டிருந்த விடையை அவன் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். மலையை விட்டுவைத்தவர்கள் செய்தது சரி. ஆனால் அதை விட்டுவைத்ததனாலேயே அவர்கள் ஒரு கடன்பட்டிருக்கிறார்கள். இந்த நிலத்தைத் தொடமாட்டோம் என்று முடிவு செய்த ஊர், மற்ற நிலத்தை எப்படிப் பங்கிடுகிறது என்பதற்கு இரட்டிப்புப் பொறுப்பாகிறது. மலைக்காக வாதாடுகிறவன் வீட்டுக்காகவும் வாதாடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை முகட்டில் நின்று காற்று வாங்குகிறவனுக்கு, திங்கட்கிழமை அந்தப் பலகைக் கதவு நினைவிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுடைய மலைப்பிரியம், வெறும் காற்றுவாங்கும் பிரியம்தான்.

வெயில் சாயத் தொடங்கியதும் இறங்கினோம். பாதி வழியில் அந்தப் பெண்கள் விரிப்பை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். இரவு வேலை வீட்டுக்குத் திரும்பவேண்டும். உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டுகூட விட்டுவைக்கவில்லை. எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

பையன் கையசைத்துவிட்டு முன்னால் நடந்தான். இறக்கத்தில் அவனுடைய நெடுங்கால்கள் தாராளமாக எட்டி எட்டி வைத்துப் போயின. நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ் நிறுத்தம் வந்ததும் அவன் நடை தானாகவே குறுகிற்று.